தங்கராஜா வீட்டு வூஃபர்

"வருதா?" என்று அடுப்படியிலிருந்து நிரஞ்சலா கேட்டாள்.

கஜேந்திரன் முட்டி போட்டுக் குனிந்து, புது வூஃபர் ஸ்பீக்கர் பொட்டியில் காதை ஒட்டி வைத்திருந்தார். டிவியில் கதாநாயகன் ஒரு கூட்டத்தையே தூக்கிப் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றைக் கலக்குகிற மாதிரி 'திடும்' என்று வரவேண்டும். வந்ததோ யாரோ தலையணையைத் தட்டிப் போட்ட சத்தம்.

"வருதான்னு கேட்டேங்க."

"வருது வருது! ஒனக்குக் கேக்கலன்னா அது ஒங்காதுல உள்ள கோளாறு."

"எனக்குக் கேக்குறது இருக்கட்டும். ஒங்களுக்குக் கேக்குதா?"

கஜேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி என்றால் இப்படியா குறுக்கு விசாரணை செய்வது?

எல்லாம் ரமேஸால் வந்த வினை. ரமேஸ் நிரஞ்சலாவின் தம்பி, கொழும்பில் வேலை. போன தீபாவளிக்கு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்: "மச்சான், இந்தச் சவுண்டுக்கு டிவிய மியூட்ல போட்டுட்டு நீங்களே வாயால 'டுமீல் டுமீல்'னு சொல்லலாம்." வீடே சிரித்தது. முதலில் சிரித்தவள் நிரஞ்சலா. தோட்டத்து லொறியை அத்தனை வளைவிலும் ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதரைப் பார்த்து ஒரு சின்னப் பயல் சிரிப்பதா? இந்தத் தீபாவளிக்கு அவன் வாயை அடைத்தே ஆகவேண்டும்.

பதுளையில் புஹாரியின் டிவி, ரேடியோக் கடைக்குப் போய், "ஆகக் குறைஞ்ச விலையில, ஆகக் கூடின சத்தத்துல ஒண்ணு எடுங்க" என்றார். புஹாரி சிரிக்காமல் நாலைந்து பொட்டிகளை இறக்கி வைத்தார். ஒன்றில் நீல லைட் எரிந்தது. ஒன்றில் ரேடியோ இருந்தது. கஜேந்திரன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எது கனமோ அதுதான் நல்லது. லொறிக்காரர் கணக்கு அது.

"சின்ன ரூமுக்கு இது தாராளம் அண்ணே. மூலையில வைங்க" என்றார் புஹாரி.

மூலையில்தான் வைத்தார். சொன்னபடி வைத்தும் தலையணைச் சத்தம் என்றால், அது அநியாயமா இல்லையா?

அடுத்த நாள் பைப்படியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த நிரஞ்சலா, பெரிய குண்டாகத் தூக்கிப் போட்டாள்.

"புஷ்பம் சொல்லுது, அவங்க வீட்டுல நேத்து படம் பாக்கையில தட்டுல இருந்த டம்ளரெல்லாம் ஆடுச்சாம். நெஞ்சுக்குள்ள வந்து அடிச்சிச்சாம்."

கஜேந்திரன் தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று கீழே வைத்தார். புஷ்பம் என்றால், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுத் தங்கராஜாவின் மனைவி. தங்கராஜாவும் கஜேந்திரனும் போன வருசத்துக் கோயில் திருவிழாவுக்கு எந்த ஊர் லவுட்ஸ்பீக்கரைப் பிடிப்பது என்ற தகராறிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தச் சண்டையில் சேர்ந்துகொள்ள மனைவிமாருக்கு நேரம் இல்லாததால் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அந்தாளும் வூஃபர் வாங்கிட்டாரா?"

"வாங்காமயா டம்ளர் ஆடும்?"

"நான் வாங்கின கையோட வாங்கியிருக்காரு பாத்தியா! மனுசன் நிம்மதியா ஒரு பொருள் வாங்க முடியுதா இந்த லயத்துல?"

பொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் பொட்டிக்கும் டிக்கெட் கேட்டான். அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு புஹாரியின் கடைக்குள் நுழைந்தார்.

"தங்கராஜாவுக்கு நல்லத குடுத்துட்டு எனக்குத் தலகாணிய குடுத்திருக்கீங்க!"

"எந்தத் தங்கராஜா அண்ணே? சத்தியமா எனக்குத் தெரியாது."

"அப்ப பண்டாரவளையில வாங்கியிருப்பாரு. அவருக்குக் கையில காசு கூடிப் போச்சு. இத வச்சுக்கிட்டு இதவிடப் பெருசு குடுங்க."

புஹாரி பெரியதைக் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் கொடுத்தார். "தரைக்கும் சுவத்துக்கும் நல்லா ஒட்டின மாதிரி வைங்க. அப்பத்தான் பேஸ், அதான் அந்தத் 'திடும்' சத்தம், பிடிக்கும்."

லயத்து வீட்டில் ஒட்டி வைக்க எந்தச் சுவர் இருக்கிறது? ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் அடுப்படி. மிச்சம் இருப்பது தங்கராஜா வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவர். அலுமாரியை நகர்த்திவிட்டு, அதில் பொட்டியைச் சப்பென்று ஒட்டி வைத்தார்.

படம் போட்டார். சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஒரு பக்கம் சாய்ந்தது. சுண்ணாம்பு உதிர்ந்து நிரஞ்சலாவின் சாம்பாரில் விழுந்தது. நாற்காலியில் போய் உட்கார்ந்தவருக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து நின்றால் கொஞ்சம் கேட்டது. உட்கார்ந்தால் போனது. நின்றுகொண்டு படம் பார்க்கவா ஒரு மனிதன் வூஃபர் வாங்குவான்?

"பேசாம இருங்க" என்றாள் நிரஞ்சலா, சுவரைக் காட்டி. "அங்கிட்டு கேளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் 'திடும், திடும்' என்று இடி விழுந்துகொண்டிருந்தது. தங்கராஜாவின் மகள் குதித்துக் கைதட்டுவது கேட்டது.

கஜேந்திரன் முகம் சிவந்தது. "பாரு, நான் பெருசு வாங்கினா அவரும் பெருசு வாங்குறாரு! நான் படம் போடுறப்பதான் அவரும் போடுறாரு! வேணும்னே என் சத்தத்த அமுக்குறாரு!"

"நீங்க நிப்பாட்டினா அவங்களும் நிப்பாட்டுறாங்களே?"

"அதத்தான் சொல்றேன்! போட்டின்னா போட்டி, ஒரு விநாடி பிந்த மாட்டாரு!"

லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பாதியில் நின்றுவிடும், மேலே எல்லா வீட்டுக்கும் ஒரே வெளிதான். தங்கராஜா வீட்டுச் சத்தம் அந்த வழியாகத்தான் வந்து தன் சத்தத்தை மறைக்கிறது என்று கஜேந்திரன் முடிவு கட்டினார். அந்த வழியை அடைத்தால் தீர்ந்தது. அலுமாரியின் மேல் ஸ்டூலை வைத்து, அதன் மேல் வூஃபரை ஏற்றி, அதன் வாயைத் தங்கராஜா வீட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தார். முகத்துக்கு முகம் மோதட்டும் என்று ஆகக் கூடின அளவுக்குத் திருகியும் விட்டார்.

தீபாவளி அன்று ரமேஸ் வந்தான். சாப்பிட்டான். டிவி முன்னால் உட்கார்ந்தான். அன்றைக்கு லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே டிஷ், ஒரே சேனல், ஒரே படம்.

"புதுசா ஏதோ வாங்கியிருக்கீங்கன்னு அக்கா சொல்லுச்சு. எங்க மச்சான்?"

கஜேந்திரன் பெருமையோடு கூரையைக் காட்டினார்.

ரமேஸ் நிமிர்ந்து பார்த்தான். காதைத் தீட்டினான். முகத்தில் இரக்கம் தெரிந்தது, அதுதான் பொறுக்க முடியாதது. "அழகா இருக்கு மச்சான். தூசி படாம வச்சுக்கங்க." அப்புறம் சிக்னல் தேடி போனோடு வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிரஞ்சலா எட்டிப் பார்த்துவிட்டு வந்து மெல்லச் சொன்னாள். "தம்பி தங்கராஜாண்ணன் வீட்டுல ஒக்காந்து படம் பாக்குது. அங்க சவுண்டு நல்லாருக்காம்."

அவ்வளவுதான். சொந்த மச்சினன், தன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, எதிரி வீட்டு வூஃபருக்கு ஓடிப்போவதா! ஒரு வருசப் பகையையும் மறந்து கஜேந்திரன் தங்கராஜா வீட்டுக்குள் புகுந்தார்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. பாதி லயம் பாயில் உட்கார்ந்திருந்தது. நடுவில் ரமேஸ், கையில் முறுக்கு. சண்டைக் காட்சி. ஒவ்வொரு குத்துக்கும் கதவு நடுங்கியது, டம்ளர் ஆடியது, கஜேந்திரனின் நெஞ்சே அதிர்ந்தது. ஆசைப்பட்ட அதே 'திடும்'. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

"வாங்க மச்சான், இப்பிடி ஒக்காருங்க! இதுல்ல சவுண்டு!" என்றான் ரமேஸ்.

"எங்க அந்தப் பொட்டி?" என்று கத்தினார் கஜேந்திரன்.

தங்கராஜா எழுந்தார். "எந்தப் பொட்டி?"

"நடிக்காதீங்க! எந்தக் கடையில வாங்குனீங்க? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" டிவிக்குக் கீழே பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். ஒரு குடைதான் இருந்தது.

"கஜேந்திரன், கொஞ்சம் மறைக்காம நில்லுங்க, சனம் படம் பாக்குது."

"நிக்க மாட்டேன்! ரெண்டும் ஒண்ணா ஓடுறதாலதானே ஒங்களுது ஒசத்தியா தெரியுது? என்னோடத நிப்பாட்டிட்டுக் கேப்போம், ஒங்க பொட்டி லட்சணத்த!" சுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "நிரஞ்சலா! நம்ம வூஃபர் பிளக்க புடுங்கு!"

அந்தப் பக்கம் பிளக் கழன்றது.

தங்கராஜா வீட்டுக் கதவு நடுங்குவதை நிறுத்தியது. டம்ளர்கள் அமைதியாகின. கதாநாயகன் ஓங்கி விட்ட குத்து, ரொட்டி தட்டுகிற சத்தத்தில் விழுந்தது. பாயில் இருந்த எல்லாத் தலைகளும் கஜேந்திரன் பக்கம் திரும்பின.

பலகாரத் தட்டோடு வந்த புஷ்பம் பதறிப்போனாள்.

"ஐயோ அண்ணே, கிளைமாக்ஸ்ல போயி நிப்பாட்டுறீங்களே! ஒங்க பொட்டிய நம்பித்தானே நாங்க லயத்து சனத்தையெல்லாம் படத்துக்குக் கூப்பிட்டோம்!"