கப்பலுக்கு மேல் ஒரு பறவை

பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். கறுப்பாக ஒட்டியிருந்தது. படத்தைப் பார்த்தாள். பாய்மரக் கப்பல் பத்திரமாக இருந்தது. அதற்கு மேலே பறந்துகொண்டிருந்த பறவையைத்தான் காணோம்.

அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவள் அவள். நாள் முழுக்கப் பஞ்சும் கையுமாக இருப்பதால் எல்லோருக்கும் பஞ்சக்கா.

கதவோரம் நின்ற காவலாளி வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே வந்த இயக்குநர் தலையில் கை வைத்தார்.

"ஏம்மா, பறவை எங்க?"

"பஞ்சோட வந்துடுச்சு சார். எச்சில் தொட்டுத்தான் தொடச்சேன்."

"எச்சிலா! நூத்தம்பது வருஷத்துப் படத்துலயா?"

"எங்க வேலையில அதுதான் சார் நல்ல மருந்து. ஓவியர் தீட்டுன வண்ணம் அதுக்கெல்லாம் அசையாது. இது அவர் போட்டதே இல்ல. இது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்லாத! நம்ம டிக்கெட்ல, என் டையில, வாசல் பலகையில, எல்லாத்துலயும் அந்தப் பறவைதான் முத்திரை. நாளைக்கு அறக்கட்டளைத் தலைவியம்மா வந்து படத்தத் திறக்கறாங்க. மரியாதையா வரைஞ்சு வை."

"மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும். இந்தக் கப்பலோட கேப்டன், வரைஞ்ச கயிறெல்லாம் சரியா இருக்கான்னு ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்து வாங்கின படம் இது. அவர் கேக்காத பறவைய நான் ஏன் சேக்கணும்?"

பறவையைத் தானே வரைந்துவிட இயக்குநர் பேனாவைத் திறந்தார். பஞ்சக்கா படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். நடந்த இழுபறியில் அவளுடைய வெள்ளை மேலங்கியில் இரண்டு பறவைகள் விழுந்தன. படத்தில் ஒன்றுகூட விழவில்லை. அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள், வேலை நீக்கக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இயக்குநர் நின்றார். தலைவியம்மா திரையை விலக்கினார். பறவை, பழைய இடத்திலேயே இருந்தது!

"அப்படி வா வழிக்கு!" என்றார் இயக்குநர் மெதுவாக.

"நான் தொடவே இல்ல சார். தொடவும் மாட்டேன்."

தலைவியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பறவை முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பாய்மேல் நாலடி நடந்தது. பிறகு பறந்து வந்து இயக்குநரின் டையில், முத்திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"ஈ!" என்றார் தலைவியம்மா.

"அதைத்தான் நேத்து சொல்ல வந்தேன்" என்றாள் பஞ்சக்கா.

காவலாளி டையை உற்றுப் பார்த்தார். கையிலிருந்த டிக்கெட்டையும் பார்த்தார்.

"அப்போ, இத்தனை வருஷமா நாம அச்சடிச்சு வித்தது ஈ போட்ட எச்சத்தயா சார்?"