கனவில் போட்ட கையெழுத்து

முகவரி மாற்றப் பதிவு அலுவலகத்தின் இயக்குநர் ஐந்து நாள் பயிற்சி முகாமுக்குப் போனார். போனவர் சும்மா திரும்பி வந்திருக்கலாம். இரண்டு வித்தைகளைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒன்று, கனவுக்குள் விழிப்போடு இருப்பது. இன்னொன்று, தூங்கும் உடம்பைக் கட்டிலில் விட்டுவிட்டு வெளியே உலாவப் போவது. இப்போது எல்லாப் பெரிய இடங்களிலும் இதுதான் நாகரிகமாம்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. "இதனால் அனைத்துப் பணியாளர்களுக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், கனவிலும் உடலுக்கு வெளியிலும் காணப்படுபவை, காண்பவரின் மனத்துக்குள் மட்டும் நிகழும் அகவய மயக்கங்கள் அல்ல. அவை புறவய உண்மைகளே. அலுவலக நடவடிக்கைகளுக்கு அவையே போதிய சான்று. கனவில் விழிப்பின்றி இருப்பது பணியில் அசட்டையாகக் கருதப்படும்."

முதல் அடி தலைமை எழுத்தருக்கு விழுந்தது. இயக்குநர் மதியம் வீட்டில் கண்ணயர்ந்தபோது, அவருடைய ஆத்மா அலுவலகத்துக்கு வந்து மின்விசிறிக்குப் பக்கத்தில் மிதந்ததாம். கீழே தலைமை எழுத்தர் மேசையில் தலை வைத்துத் தூங்கினாராம். விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

"சார், நேத்து நான் லீவு சார். ஊர்லயே இல்ல."

"அதனால என்ன? நான் என் கண்ணால பார்த்தேனே."

"உங்க கண்ணு வீட்டுல மூடித்தானே சார் இருந்துச்சு?"

"எதிர்த்துப் பேசறீங்களா?"

தலைமை எழுத்தர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், முகவரி மாற்ற மனுவோடு பதினான்கு மாதமாக நான் அங்கேதான் நிற்கிறேன். மனு நிலுவையில் இருக்கும்போதே இரண்டு வீடு மாறிவிட்டேன். இயக்குநர் அறைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பேசுவது எல்லாம் கேட்கும், இடுக்கு வழியே உள்ளே தெரியவும் செய்யும்.

அடுத்து கனவுப் பதிவேடு வைத்தார்கள். ஒவ்வொருவரும் காலையில் வந்ததும் தன் கனவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலே இருப்பவர் மனம் குளிரவேண்டும் என்று எல்லோருமே இயக்குநரைக் கனவில் கண்டார்கள். சிலர் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தையும் கண்டார்கள். "கனவு எதுவும் வரவில்லை" என்று உண்மையை எழுதிய ஓட்டுநருக்கு அரைநாள் விடுப்பு கழிந்தது.

மூன்றாம் கவுன்ட்டர் அக்கா மட்டும் சுற்றறிக்கையை முழுதாகப் படித்திருந்தார். அவருடைய கணவரும் ஏழு வயது மகளும் ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவில் இருந்தார்கள். இடமாற்றம் கேட்டுப் பதினொரு முறை எழுதிவிட்டார். மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போனால், கதவைத் திறந்ததும் மகள் கேட்பது, "அம்மா, எப்பத் திரும்பிப் போவீங்க?" என்றுதான். இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஒரு காலை அக்கா இயக்குநர் அறைக்குள் போனார்.

"ரொம்ப நன்றி சார்."

"எதுக்கும்மா?"

"நேத்து என் கனவுல வந்து இடமாற்ற உத்தரவுல கையெழுத்துப் போட்டீங்களே. தேதியோட."

"நானா? அதெல்லாம் உங்க மனசுக்குள்ள நடந்ததும்மா."

"அப்போ தலைமை எழுத்தர் தூங்கினது உங்க மனசுக்குள்ள நடந்ததா சார்?"

வெளியே தலைமை எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். இயக்குநர் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தார்.

"நான் வந்தது எனக்கே தெரியலையேம்மா."

"அப்போ விழிப்பில்லாம வந்திருக்கீங்க. சுற்றறிக்கைப்படி அது அசட்டை சார்."

"சேச்சே! தெரியும், தெரியும். உங்களுக்கு நினைவிருக்கான்னு சோதிச்சேன்." கொஞ்ச நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தவருக்கு வழி ஒன்று கிடைத்தது. "உத்தரவு செல்லும். ஆனா கனவுல போட்டது கனவுக்குத்தானே? அதனால உங்க ஆத்மா ஊருக்குப் போகட்டும். உடம்பு இங்கயே இருக்கட்டும்."

"ஆத்மா போயிட்டா வேலையை யார் சார் பார்க்கறது?"

"ஏன்?"

"மிதந்து வந்து ஆய்வு பண்ணினது உங்க ஆத்மாதானே? உடம்பு வீட்டுலதானே இருந்துச்சு? அப்போ ஆபீஸ் வேலைக்கு வேண்டியது ஆத்மா. அதை இங்க விட்டுட்டுப் போறேன். உடம்பு வீட்டுல இருக்கட்டும், உங்களை மாதிரியே."

இயக்குநர் இழுப்பறையைத் திறந்தார். தன் சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்துப் பார்த்தார். பிறகு விழித்திருந்தபடியே கையெழுத்துப் போட்டார். அக்கா அன்று மதிய ரயிலிலேயே போய்விட்டார். மகள் பழக்கதோஷத்தில் கேட்ட கேள்விக்கு, "போகமாட்டேன்டி" என்று சொன்னாராம்.

வருகைப் பதிவேட்டில் தினமும் அவர் பெயருக்கு எதிரே எழுதுகிறார்கள்: "ஆன்மா வந்தது. உடலுக்கு விலக்களிக்கப்பட்டது." நாற்காலி காலியாக இருக்கிறது. மனுவைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினால் போதும், உள்ளே விழுகிறது. முன்பும் எதற்கும் பதில் வராது, இப்போதும் வராது. ஆனால் அங்கே யாரும் "நாளைக்கு வாங்க" என்பதில்லை. நகலில் ஓரம் மடங்கியிருக்கிறது என்று எரிந்து விழுவதில்லை. அதனால் மற்ற கவுன்ட்டர்களில் ஈ ஓட்டுகிறார்கள், மூன்றாவதில் மட்டும் வரிசை தெருவரை நீள்கிறது. மேலிடத்துக் குழு வந்து பார்த்து அசந்துபோய், ஆண்டின் சிறந்த பணியாளர் விருதை அந்த நாற்காலிக்கே கொடுத்துவிட்டுப் போனது.

என்னைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். ஆனால் போன வாரம் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை என் மனுவை வாங்கி முத்திரை குத்தியதை நான் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவரும் பார்த்திருக்கிறார். இரண்டு பேர் பார்த்த பிறகு அதை மனப்பிரமை என்று எப்படிச் சொல்வது?