வெள்ளைக் காகிதம் ஒட்டிய இசைத்தட்டு

பெர்த் நகரத்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அக்கா ப்ரெண்டாவுக்கு, பர்ன்லி மழையில் ஊறிக்கொண்டிருக்கும் தம்பி ட்ரெவர் எழுதிக்கொள்வது. என் இடது முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் கீத் அத்தானின் சுகத்துக்கும் உங்கள் நாயின் சுகத்துக்கும் பதில் எழுது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுப் பின்னறையில் இருக்கும் தையல் இயந்திரத்தை எடுத்துவிட்டு ஒரு கட்டில் போட்டு வை. நானும் என் இசைத்தட்டுப் பெட்டிகள் நாலும் இனி அங்கேதான். மாரீன் வருவாளா என்று இன்னும் கேட்கவில்லை, மனைவியிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

பழைய கறுப்பினப் பாடகர்களின் ஸோல் பாட்டுகளுக்கு ஆடும் எங்கள் நடன மன்றத்தை விட்டு விலகிவிட்டேன், அதுதான் காரணம். விடிய விடிய ஆடிய கூட்டம் இப்போது மாசத்தின் கடைசி ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி, மாத்திரை போடும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடுகிறது. மாற்றமே கூடாது என்கிற ஆள் நான் இல்லை, அக்கா. வழுக்கி ஆடுவதற்காகத் தரையில் தூவும் டால்கம் பவுடர் இனி வேண்டாம், பாதிப் பேருக்கு மூச்சிரைப்பு என்றார்கள், சரி என்றேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியும் ஆடலாம் என்றார்கள், முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். பெண்களும் இசைத்தட்டு போடலாமா என்று ஓட்டெடுப்பு வந்தபோது கையைத் தூக்கினேன், பக்கத்தில் மாரீன் இருந்தாள் என்பது வேறு விஷயம். அசலை விட்டுப் பின்னாளில் வந்த மறு அச்சுத் தட்டைக் கொண்டு வந்தவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய காலம் போய், கைப்பேசியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பத்துப் பேர் எங்கள் காலத்து அகலக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கும் கேக் வெட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஆனால் ஆஸ்கர் மேல் கை வைத்துவிட்டார்கள். அபூர்வமான தட்டு ஒன்று கிடைத்தால் அதன் பெயர் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதிவிடுவது எங்கள் கூட்டத்து வழக்கம், உனக்கு நினைவிருக்கும். அடுத்த ஊர்க்காரன் தேடி வாங்கிவிடக் கூடாது, அந்தப் பாட்டுக்கு ஆட வேண்டுமென்றால் அவன் நம் மன்றத்துக்குத்தான் வர வேண்டும். நீ ஊரைவிட்டுப் போன மறு வருஷம் எனக்கு அப்படி ஒன்று கிடைத்தது. சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு காகிதம் ஒட்டி, 'கிங் ஆஸ்கர்' என்று எழுதினேன். பாடுவது ஒரு பெண். அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷமாகக் கடைசிப் பாட்டு ஆஸ்கர்தான், போடுவது நான்தான். இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு என்னால் பழையபடி சுழல முடியாது, என்னிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு ரகசியம். ஆஸ்கர் ஏன் பெண் குரலில் பாடுகிறார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ஆஸ்கரைப் போட்டதும் கெசியா என்ற பெண், அந்தப் பத்துப் பிள்ளைகளில் ஒருத்தி, நர்ஸ் படிப்பு படிக்கிறவள், ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு நேரே நீட்டினாள். நாலே விநாடியில் அது பாட்டைக் கண்டுபிடித்துவிட்டது.

"ட்ரெவர், இது ஆஸ்கர் இல்லீங்க. டெலோரிஸ் ப்ளங்கெட்னு ஒரு அம்மா. பாட்டு பேரு 'செவ்வாய்க்கிழமை பார்ப்போம்'. போன்ல போட்டிருக்கு பாருங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னை அல்ல, அவளை. செயலாளர் ராய் கிரிம்ஷா பாய்ந்து வந்து, "ஏ பொண்ணு, வாய மூடு. அவரு முன்னாடியா சொல்லுவ?" என்றான்.

ஓடுகிற ஆஸ்கரை முதல் தடவையாக நிறுத்தினேன். "ராய், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"என்னத்த?"

"டெலோரிஸ்."

"எண்பத்திமூணுலேருந்தே தெரியும்பா. வீட்ல ரெண்டு வெச்சிருக்கேன். ஒண்ணுல கீறல் விழுந்துருச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

தேநீர் ஊற்றும் ஐலீன் மெல்லக் கையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. பெண்கள் தட்டு போடுவதற்கான அந்த ஓட்டெடுப்பில்கூட அத்தனை கை எழவில்லை. கடைசியாக எழுந்தது மாரீனுடையது.

"நீயுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே. ரொம்ப மெல்லிசுக் காகிதமா ஒட்டியிருக்க, ட்ரெவர். வெளிச்சத்துல பிடிச்சா எழுத்து தெரியுது."

"ஏன் சொல்லல?"

"அதப் போடறப்போ உன் மூஞ்சிய நீ பாத்ததில்ல. யாருக்கு மனசு வரும்?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன, அக்கா. ஊருக்கு நான் ஒளிக்கிறேன் என்று நினைத்திருக்க, இத்தனை வருஷமாக ஊர் எனக்கு ஒளித்திருக்கிறது. ஆஸ்கரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோட்டைக்கூட எடுக்காமல் மழையில் நடந்தேன். காரில் வந்தவன் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. மாரீன் காரை என் பக்கத்திலேயே ஊர விட்டுக்கொண்டு, "ஏறு, சளி பிடிக்கும்" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ஏறவில்லை. சளி பிடித்துவிட்டது.

ஆகவே அக்கா, என் முடிவில் மாற்றமில்லை. அத்தானுக்கு வணக்கம், நாய்க்கு முதுகில் ஒரு தட்டு. உங்கள் ஊர் வெயில் என் முழங்காலுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும் என்று வேண்டும் உன் அன்புத் தம்பி,
ட்ரெவர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கெசியா என் கோட்டோடு வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் காட்டினாள். வெள்ளைக் காகிதம் ஒட்டி, 'இளவரசி மார்கோ' என்று எழுதியிருந்தது. "பழைய சாமான் கடையில கெடச்சுது. என் போனுக்கே இது தெரியல. பாடறது ஆம்பள." யார் என்று கேட்டேன். "சொல்ல மாட்டேன். அடுத்த கடைசி ஞாயிறு ஆஸ்கருக்கு முன்னாடி போடறேன், வந்து கேளுங்க." ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஓர் எழுத்தும் தெரியவில்லை. மூன்று காகிதமாம். மாரீன்தான் வெட்டிக் கொடுத்தாளாம். அவளுக்கு எல்லாம் தெரியும், இரண்டு நாளாகக் கெஞ்சுகிறேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். பாடுவது யாரென்று தெரியாமல் இருபது வயசில் தூக்கம் போகுமே, அப்படி மறுபடியும் போய்விட்டது, அக்கா, எத்தனை சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா. தையல் இயந்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.