சொல்லிட்டுப் பத்த வை

சிவகாசியில் இதுவரை வெடித்த வெடிகளையெல்லாம் ஒரு தட்டிலும் 'ஒதுங்குங்க' அண்ணனின் தொண்டையை மறு தட்டிலும் வைத்தால், தொண்டை இருக்கும் தட்டுதான் இறங்கும். ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. எங்கள் அச்சகத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் புதிதாக எதை ஏற்றுவதானாலும் முதலில் எழுந்து நின்று, நாலு பக்கமும் திரும்பி, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று கத்துவார். அதுவே பெயராகிவிட்டது.

நான் அங்கே காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அங்கிருந்த கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியர். வைத்தியம் சுமார்தான். முக்கால்வாசி நோய்களுக்கு அணைத்துவிட்டு மறுபடி போடுவார். ஆனால் திரையில் ஒரு பெட்டி வந்து 'சம்மதமா' என்று கேட்டால், அதில் இருப்பதை எழுத்துக் கூட்டியாவது கடைசி வரி வரை உரக்கப் படிப்பார். உலகத்தில் அதைப் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். எழுதியவனே படித்திருக்க மாட்டான்.

கணக்குப்பிள்ளை ஒருநாள் வைரஸுக்கு மருந்து ஏற்றச் சொன்னார். இவர் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏத்துறேன். ஆனா இவரு தனியா வரலை. கூட ரெண்டு பேரக் கூட்டிட்டு வாராரு. ஒருத்தரு நீங்க தினமும் பாக்குற பக்கத்த மாத்திருவாராம். இன்னொருத்தரு என்ன செய்வாருன்னு போடவே இல்லை. மூணு பேருக்கும் இலை போடவா, வந்தவருக்கு மட்டும் போடவா?"

கணக்குப்பிள்ளை, "எனக்கு வைரஸே போதும்யா" என்று எழுந்து போய்விட்டார்.

முதலாளி தன் போனில் மழை வருமா என்று சொல்லும் ஆப் கேட்டபோதும் இதே கதைதான். "அண்ணாச்சி, மழையச் சொல்றதுக்கு இதுக்கு உங்க போன்ல இருக்குற அம்புட்டு நம்பரும் வேணுமாம். அதுல மதினி நம்பரும் இருக்கு. மதினிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்." கேட்டும்விட்டார். அந்த அம்மாள் போனை வாங்கி ஒவ்வொரு நம்பராகப் பார்க்கத் தொடங்கினார். முதலாளிக்கு அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இல்லை. வானத்தில் மழையும் இல்லை.

கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத பைண்டிங் பெண்களையும் அவர் விடமாட்டார். அங்கே போய் நின்று "ஒதுங்குங்க" என்பார்.

"எங்களுக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று பேச்சியம்மா கேட்பாள்.

"சம்பந்தம் இல்லாத ஆளு மேலதான் முதல்ல படும், தாயி."

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கும் வேலை செய்தவர் அவர். பொட்டலில் வெடியை வைத்து, குரல் கொடுத்து, எல்லாரும் விலகிய பிறகே திரியில் நெருப்பு வைக்க வேண்டும். அவர் குனிந்து வெடிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இன்னொருவன் குரல் கொடுக்காமல் பக்கத்தில் பற்ற வைத்துவிட்டான். அதோடு இடது காது போயிற்று. அதனால்தான் அந்தச் சத்தமான பேச்சு.

"பத்த வச்சவனக் கேக்கலையாண்ணே?"

"போர்மேன் என்னையத்தான் கேட்டாரு, நீ ஏம்லே அங்கன நின்னேன்னு." கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "எதுவா இருந்தாலும் சொல்லிட்டுப் பத்த வைக்கணும், தம்பி. அம்புட்டுத்தான்."

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பங்களை வெளியிடுவார்கள். அன்று கையில் ஆல்பம் இல்லாத அச்சகத்துக்கு அந்த சீசன் இல்லை. அதற்குச் சில நாள் முன்பு முதலாளி புதிதாக ஒரு கலர் பிரிண்டர் வாங்கி வந்து, என் கம்ப்யூட்டரில் சேர்க்கச் சொன்னார். எங்கள் பழைய தமிழ் எழுத்துருக்களும் அவற்றை ஓட்டும் பழைய புரோகிராமும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் உயிரோடு இருந்தன. அவற்றை ஏற்றிய சிடி எப்போதோ காணாமல் போயிருந்தது.

அண்ணன் திரையில் வந்த பெட்டியைப் படித்தார். முகம் மாறியது.

"அண்ணாச்சி, இது பிரிண்டரோட நிக்காதாம். உள்ள ஏற்கெனவே இருக்குற மத்த புரோகிராமையும் புதுசாக்கிருமாம். எதெதுன்னு பேரு போடலை. இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க. இருக்குற அம்புட்டையும் வேற இடத்துல எடுத்து வச்சுக்கிடுவோம்."

"ஓசில புதுசாக்கித் தாரான். அது வலிக்குதால உனக்கு?"

"சொல்லிருக்கான்ல அண்ணாச்சி. சொன்னத ஒரு தடவையாச்சும் கேக்கணும்ல."

"நீ ஒருத்தன் போதும்லே, நான் கடைய மூட."

அண்ணன் வழக்கம்போல எல்லாரையும் எச்சரிக்க பைண்டிங் பக்கம் போனார். அவர் வாயில் முதல் "ஒதுங்குங்க" வந்தபோது முதலாளி எட்டி ஒரு அமுக்கு அமுக்கிவிட்டார். நான் "அண்ணாச்சி, இருங்க" என்று கையை நீட்டியது வீணாயிற்று.

பிரிண்டர் அருமையாக வேலை செய்தது. அது அச்சடித்த முதல் தாளில் முருகன் சிரித்தார். அவருக்குக் கீழே தமிழ் இருந்த இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. நல்ல நேரமும் கட்டம், ராகு காலமும் கட்டம். எங்களுக்கு வருஷம் முழுக்க எமகண்டம். பழைய நிலைக்குத் திருப்ப அண்ணனும் நானும் முட்டி மோதிப் பார்த்தோம். நடக்கவில்லை. ஆடிப்பெருக்கு அன்று மற்ற அச்சகத்து ஆட்கள் ஆர்டர் பிடிக்க ஆல்பத்தோடு பஸ் ஏறினார்கள். எங்கள் ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அமுக்கிய விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நல்லா இருந்த சாமான இவன் வாய வச்சுக் கெடுத்தான். போயிரும் போயிரும்னு சொன்னா வெளங்குமா? எங்க, நாக்க நீட்டுலே."

அந்த மனிதர் நீட்டினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பிள்ளை குட்டி பெற்ற மனிதர், அத்தனை பேர் நடுவில், டாக்டரிடம் காட்டுவது போல நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். நுனியில் கறுப்பாக ஒரு புள்ளி.

"பாத்தீகளா? கரிநாக்கு" என்றார் முதலாளி. தீர்ப்பு முடிந்தது.

விரலை நாக்கில் தொட்டுத் தாள் எண்ணுகிற ஊர் இது. மை பட்ட விரல். அந்த அச்சகத்தில் எவன் நாக்கை நீட்டினாலும் கறுப்பாகத்தான் இருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு தடவை நீட்டுங்க, பாப்போம்."

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று சாயங்காலம் வேலை போய், அச்சகத்திலிருந்து இரண்டு பேராக வெளியே வந்தோம்.

வருவதற்கு முன் அண்ணன் ஒவ்வொரு மிஷினாகப் போய்ச் சொன்னார்: "நாளையில இருந்து நான் இல்லை. கம்ப்யூட்டரு ஏதாச்சும் கேட்டா, படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்க." ஒருவனும் தலை நிமிரவில்லை. பற்ற வைத்தவனை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனைக் கேட்பதுதான் எங்கள் பக்கத்து நியாயம் போலிருக்கிறது. அந்த முதலாளியை இன்றும் சிவகாசித் தெருவில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

இப்போது விருதுநகரில் சொந்தமாகச் சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் கேட்பதையே குறைத்துக்கொண்டன. காலையில் வந்து திறந்தால் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். அதிசயமாக ஏதாவது ஒன்று பெட்டி போட்டுக் கேட்டால், கையை எடுத்துவிட்டு ஆனைக்குட்டத்துக்குப் போன் போடுவேன். அண்ணன் அங்கே மக்காச்சோளம் போட்டிருக்கிறார். போனை நல்ல காதில் வைத்துக்கொள்வார்.

"அண்ணே, ஒண்ணு ஏத்தப் போறேன்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"கூட யாரையும் கூட்டிட்டு வாரானா?"

"இல்லண்ணே, தனியாத்தான்."

"செத்த இரு."

செருப்புச் சத்தம் கேட்கும். ஆனைக்குட்டத்தில் ஒரு சோளக்காட்டில், என் கம்ப்யூட்டருக்காக ஒரு மனிதர் நாலு எட்டு தள்ளிப் போய் நிற்பார்.

"ஒதுங்கிட்டேன், தம்பி. அமுக்கு."

அதைக் கேட்காமல் நான் எதையும் அமுக்குவதில்லை.