காது அடைச்ச நேரத்துல ஒரு பஞ்சாயத்து

"அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப நீ எங்கடி போயிருந்த?"

"நாலு மாசம் பீ மூத்திரம் அள்ளினவ நான்! கொக்கோ தோட்டம்னதும் உனக்கு அம்மா நெனப்பு வந்துருச்சாக்கும்?"

செத்துப்போன அம்மாவோட தோட்டத்துக்காக அக்கா அஃப்ரியேவும் தங்கச்சி டூஃபியும் ஊர்த் தலைவர் முன்னாடி இப்படிக் கத்தினதாலதான் ஓபிரிக்குப் பாதியாவது கேட்டுச்சு. மூணு வாரமா சளி விடல. இப்ப ரெண்டு காதும் அடைச்சு, தண்ணிக்குள்ள முங்கினாப்ல இருந்துச்சு.

தலைவரை எல்லாரும் மரியாதையா 'நானா'ன்னு கூப்பிடுவாங்க. அவர் ஜனங்ககிட்ட நேரா பேசமாட்டார். ஓபிரி காதுல மெதுவாச் சொல்வார். கோல் பிடிச்ச ஓபிரிதான் அதை ஊருக்கே கேக்கச் சொல்லணும். காது கேக்கலன்னு தெரிஞ்சா கோல் கைமாறிடும். இருபத்திரண்டு வருஷமா பிடிச்ச கோல்.

கழுத்துல துணி சுத்தியிருந்த தலைவர் குனிஞ்சு வாயை அசைச்சார். ஒண்ணும் விழல.

"இன்னொரு தடவை, நானா."

தலைவர் முறைச்சார்.

நேரம் கடத்தலாம்னு ஓபிரி கோலைத் தட்டினார். "நடந்ததை மொதல்லேருந்து சொல்லச் சொல்றார் நானா!"

வந்தது வினை. அவங்க பத்து வயசுலேருந்து ஆரம்பிச்சாங்க.

"உன் புருஷன் ஓடிப்போனதே உன் வாயாலதான்டி!"

"இனி செத்தாலும் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்!"

ரெண்டுபேரும் செருப்பை வெளியவே விட்டுட்டு வந்தது நல்லதாப்போச்சு, இல்லேன்னா அதுவும் பறந்திருக்கும்.

தலைவர் மறுபடி குனிஞ்சார். வாய் மட்டும் ஆடுது. ஊரே ஓபிரியைப் பாக்குது. வேற வழியில்லாம, மனசுல பட்டதைச் சொல்லிட்டார்.

"தோட்டத்தைப் பிரிக்கக்கூடாதுங்கிறார் நானா. அக்கா காய் வெட்டட்டும், தங்கச்சி கொட்டையைக் காயப்போடட்டும். சாயங்காலம் ரெண்டுபேரும் அம்மாவோட சட்டியிலயே ஒண்ணா ஃபுஃபு களி சாப்பிடணும்."

டூஃபி என்னமோ சொல்லி அழுதா. ஓபிரிக்குக் கேக்கல. அக்கா அவ கையைப் பிடிச்சது மட்டும் தெரிஞ்சுச்சு.

ஊரே தலைவரை வாழ்த்துச்சு. ஓபிரி கோலை வீட்டுல வெச்சுட்டு, பொழுது சாஞ்சதும் மருந்துக்கடை செர்வாகிட்டப் போனார்.

"நானா சொல்லாததைச் சொன்னதாச் சொல்லிட்டேம்மா. நாளைக்குக் கோலைக் குடுத்துடப்போறேன். இந்தக் காதுக்கு ஏதாவது குடு."

செர்வா அவர் காதுல வாயை வெச்சு, தெருவுக்கே கேக்குறமாதிரி கத்தினா.

"அவருக்கும் இதே சளிதான் அண்ணே! ஒரு வாரமா குரலே வரல, வெறும் காத்துதான். இப்பத்தான் சீட்டுல எழுதிக் காட்டிட்டுப் போறார்: 'தொண்டை சரியானதும் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னுதான் நான் சொன்னேன். ஓபிரி சொன்னது அதைவிட நல்லாருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லாத!'"

இப்ப ஓபிரி கோலைத் திருப்பிக் குடுக்கணுமா, வேணாமா? மனசுல பட்டதைக் கீழ எழுதுங்க.