நூறு சதவீத உயர்வு

பதவி உயர்வுப் பரீட்சை நெருங்கிவிட்டது. கிடங்குக் குமாஸ்தா ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை கோட்டைவிடுவதில்லை! போன தடவை அவரைக் குப்புறத் தள்ளியது 'தகவல் போதுமா?' என்ற பகுதி. சதவீதம் என்றாலே அவருக்குச் சளி பிடித்துவிடும்.

மனைவியைக் கூப்பிட்டு விளக்கினார்.

"விடையே கண்டுபிடிக்க வேண்டாம்மா. கேள்விக்குக் கீழ ரெண்டு தகவல் இருக்கும். அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதான்னு சொன்னாப் போதும்."

"செய்ய வேண்டாம், செய்ய முடியுமான்னு சொன்னாப் போதுமா? உங்களுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச பரீட்சைங்க!"

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே நின்று நின்று கால் வலிக்க வீட்டுக்கு வந்தால், இங்கேயும் எல்லா வேலையும் அவள் தலையில்தான். இப்போது கேள்வி வாசிக்கவும் அவள்தான் வேண்டும்.

"வாசிச்சா எனக்கு என்ன தருவீங்க?"

குமாஸ்தாவுக்குப் பொறி தட்டியது. "இன்னைலேர்ந்து வீட்டு வேலையில என் பங்கு நூறு சதவீதம் உயர்வு!"

சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். அவர் பங்கு பூஜ்யம். பூஜ்யத்தை இரட்டிப்பாக்கினாலும் பூஜ்யம்தானே!

அவள் மறுபேச்சுப் பேசாமல் புத்தகத்தைப் பிரித்தாள்.

"ஒரு சட்டை விலை இருபது சதவீதம் ஏறிச்சு. இந்த ஒரு தகவலை வச்சுப் புது விலை சொல்ல முடியுமா?"

"பழைய விலை இல்லாம எப்படி? தகவல் போதாது!"

"ஓ... பழசு தெரிஞ்சாத்தான் புதுசு தெரியுமாக்கும்?"

"அதான் சூட்சுமமே!" மீசையை முறுக்கினார்.

அப்போது எதிர்வீட்டுப் பெண் ஏணி கேட்டு வந்தாள். "ஒட்டடை அடிக்கணும்க்கா. எங்க வீட்டுக்காரர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். அண்ணன் எப்படி?"

"அதை ஏன் கேக்குற..." என்று மனைவி பெருமூச்சு விட்டாள்.

குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், கேட்டா என்ன? இந்த வீட்டு வேலையில சரிபாதி நான்தாம்மா!"

"நெஜமாவா அண்ணே?"

"அம்பது சதவீதம்! ஒரு புள்ளி குறையாது!"

மனைவி புத்தகத்தை மூடினாள்.

"முதல் தகவல், உங்க பங்கு அம்பது சதவீதம். ரெண்டாவது தகவல், இன்னைலேர்ந்து அதுல நூறு சதவீத உயர்வு. போதுமாங்க?"

குமாஸ்தா மனசுக்குள் கணக்குப் போட்டார். பூஜ்யம் என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தூக்கம் போகும். எதிர்வீட்டுப் பெண்ணோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மானமே பெரிதென்று முடிவு செய்தார்.

"போதும்."

"அப்ப விடை?"

"இந்தப் பகுதியில விடை கேக்கக் கூடாதும்மா!"

"முழு வேலையும் அண்ணனா!" எதிர்வீட்டுப் பெண் கன்னத்தில் கைவைத்தாள். "கொடுத்துவச்சவங்கக்கா நீங்க!"

மனைவி சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள். குமாஸ்தா நெஞ்சை நிமிர்த்தியபடி சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரலும் கேட்டது.

"ஏம்மா... இந்தப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு எந்தப் பக்கம் இருக்கும்?"