தக்காளி முடியட்டும்

கதவு தட்டும் சத்தம் கேட்டதுமே குழந்தைவேலு ஃப்ரிட்ஜை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். திறந்தார். பக்கத்து வீட்டு வைஜெயந்தி டீச்சர். இடுப்பில் கூடை. கூடை நிறையத் தக்காளி.

"மறுபடியுமா டீச்சர்?"

"என்ன சார் பண்றது? வெயில் ஏற ஏறக் காய்ச்சுத் தள்ளுது. நான் ஒத்த ஆளு எவ்வளவு திம்பேன்? உங்க ஃப்ரிட்ஜ்தான் சும்மா கிடக்கே."

ஃப்ரிட்ஜ் சும்மா கிடந்தது போன மாதம். மனைவி இறந்த பிறகு அந்தமானில், பெரார்கஞ்ச் வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல், சென்னையில் மகனோடு போய் இருந்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜையும் துடைத்து, கப்பல் டிக்கெட் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் கூடை வந்தது. ஒரு கூடைதானே என்று வாங்கி வைத்தார்.

இப்போது ஃப்ரிட்ஜைத் திறந்தால் தக்காளி உருண்டு காலில் விழுகிறது.

"வெட்டி உப்புப் போட்டு வெயில்ல காய வைங்க சார். வருஷம் பூரா வரும்" என்று டீச்சர் யோசனை சொன்னார்.

குழந்தைவேலு தகரக் கூரைமேல் பரப்பி, காக்கைக்குப் பயந்து பழைய மீன்வலையைப் போர்த்தினார். மத்தியானம் எங்கிருந்தோ ஒரு மழை கொட்டியது. தக்காளியெல்லாம் கரைந்து, கூரைத் தண்ணீர் பிடிக்கும் டிரம்மில் இறங்கிவிட்டது. மறுநாள் குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் ரச வாசம்.

மகன் நந்தகுமார் போன் செய்தான். "எப்பப்பா வர்றீங்க?"

"இந்தத் தக்காளி முடியட்டும்டா."

"தூக்கிப் போட்டுட்டு வாங்கப்பா!"

"ஒரு மனுஷி தண்ணி ஊத்தி வளர்த்தது. எப்படிடா தூக்கிப் போடறது?"

அடுத்தது தொக்கு. டீச்சர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "எண்ணெய் பிரியணும் சார், கிண்டுங்க, கிண்டுங்க" என்றார். எண்ணெய் பிரியவில்லை. மிளகாய் நெடிதான் கிளம்பியது. இருவரும் இருமிக்கொண்டே கொல்லைக்கு ஓடி, கண்ணைத் துடைத்தபடி நின்றார்கள். அடிப்பிடித்ததுபோக மிஞ்சியதைக் குழந்தைவேலு பாட்டில்களில் அடைத்தார். ஈரம் போகாத பாட்டில்கள்.

நாலைந்து நாள் கழித்து டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டில் புளித்துப் பொங்கி 'டப்' என்று வெடித்தது. மூடி போய் மின்விசிறியில் அடித்தது. தொக்கு சுவரெல்லாம் தெறித்தது. டீச்சரின் மூக்குக் கண்ணாடியிலும்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல் சார்."

குழந்தைவேலு சிரித்தார். சத்தம் போட்டு, வயிறு வலிக்கச் சிரித்தார். அந்த வீட்டில் தன் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

இருந்தாலும் மறுநாளும் கூடை வந்துவிட்டது. வைக்க இடமில்லை, அடைக்கப் பாட்டில் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்து, கூடையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ருக்குவிடம் போனார். டீச்சருக்குத் தெரிந்தால் மனது சங்கடப்படுமே என்று வழியெல்லாம் உறுத்தியது.

"ருக்கு, இத எப்படியாவது வித்துக் குடும்மா. டீச்சர் தோட்டத்துத் தக்காளி. அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாத."

ருக்கு ஒரு பழத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அரே சார், இது மெயின்லேண்ட் சரக்கு. கப்பல்ல வந்தது, காலைல நானே எடை போட்டது! அவங்க செடியெல்லாம் காஞ்சு ஒரு மாசமாச்சு. டெய்லி இங்க வந்து, இப்பத்தான் பறிச்ச மாதிரி காம்போட இருக்கறதா பார்த்துப் பொறுக்கிட்டுப் போறாங்க. யாருக்குன்னு கேட்டா, 'ஊருக்குப் போறேங்கறவரை எப்படி நிறுத்தறது, நீயே சொல்லு'ங்கறாங்க."